பைகொன் மேடை ஏறுவது எப்படி?

பைதன் மொழியில் நிரல் எழுதுவோர் கூடும் மாநாடுதான் பைகொன். 1994இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் இருபது பேரளவில் கூடிய பட்டறை இதன் தொடக்கம். பைகொன் என்ற பெயரில் முதல் மாநாடு 2003இல் வொஷிங்டனில் நடந்தது. இந்தியாவுக்கு அது 2009இல் பெங்களூர் வழியாக வந்தது. இலங்கையின் திருகோணமலை மாவட்டத்திலுள்ள திரியாய்க்கு ஓரளவு கிட்ட வந்தது 2019இல்தான்: ஒக்டோபர் 12, 13ஆம் திகதிகளில் சென்னை வர்த்தக மையத்தில். சென்னைக்குப் பறக்க வழிசெய்த யாழ்ப்பாணத்துப் பலாலி, சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது அதே மாதம் 17இல். நாலு நாள் பிந்திவிட்டது! 2020இல் கொரோனாவால் மாநாடு இணையத்துக்கு மாறியபோது விசாவும் தேவைப்படவில்லை, விமானமும் தேவைப்படவில்லை.

இலங்கையில் உயர்தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் எடுக்கும் பிள்ளைகள் பழகும் மொழியும் பைதன்தான். திரியாயிலிருந்து திருகோணமலைக்குப் போகும் வழியில், கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானத்தைப் பட்டப்படிப்பாகவே படிக்கலாம். ஆகவே இந்த மாநாடு இப்பகுதிக்கு அந்நியமானதல்ல.

பேச விரும்புபவர் சில மாதங்களுக்கு முன்பே முன்மொழிவு அனுப்ப வேண்டும். பைகொன் இந்தியாவில் முன்பு அதை யாரும் வாசித்துக் கருத்துச் சொல்லக்கூடியதாக இருந்தது. தலைப்பு, சுருக்கம், கேட்பவருக்கு முன்கூட்டியே என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். ‘பைதனும் செயற்கை நுண்ணறிவும்’ போன்ற அகலத் தலைப்புகள் பெரும்பாலும் எடுபடுவதில்லை. நெல் விலைத் தரவைத் திரட்டும்போது எந்த வரியில் நிரல் உடைந்தது, எப்படிச் சரிசெய்யப்பட்டது என்று சொல்பவருக்கே வாய்ப்பு அதிகம். பட்டம், பதவியைவிட அந்த ஒரு வரி கனமானது.

முன்மொழிவு தேறாவிட்டாலும் மின்னல் உரை இருக்கிறது. 2000இல் பிட்ஸ்பர்க்கில் பேர்ள் மொழிக்காரர்கள் நடத்திய மாநாட்டில் பிரபலமான வழக்கம் இது. ஐந்தே நிமிடம், மணி அடித்தால் வாக்கியம் பாதியில் நின்றாலும் இறங்கிவிட வேண்டும். முதல் தடவை பேசுபவருக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

மேடையில் சறுக்குவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான். கடைசி வரிசைக்குத் தெரியாத எழுத்து, மண்டப வைஃபையை நம்பிய செயல்விளக்கம், புரொஜெக்டருக்குப் பொருந்தாத வயர். அனுபவசாலிகள் செயல்விளக்கத்தை முன்பே காணொளியாகப் பதிந்துகொண்டு வருவார்கள். சபையிலிருந்து வரும் கேள்வியை ஒலிவாங்கியில் திருப்பிச் சொன்ன பின்பே பதில் சொல்வார்கள். இல்லாவிட்டால் பிறகு யூடியூப்பில் பார்ப்பவருக்குப் பதில் மட்டுமே கேட்கும்.

அமெரிக்க பைகொனில் பேச்சாளரும் ஏற்பாட்டாளரும்கூடக் கட்டணம் செலுத்துவது நீண்டகால வழக்கமாக இருந்தது. முடியாதவருக்கு நிதியுதவி உண்டு. உரைகள் முடிந்த பின் வரும் நாட்கள் ஸ்பிரிண்டுக்கு உரியவை. அப்போது திறந்த மூல மென்பொருளை எழுதியவரும் அதைப் பயன்படுத்துபவரும் ஒரே மேசையில் இருந்து வழுக்களைத் திருத்துவார்கள். பலருடைய முதல் திருத்தம் அங்கேதான் ஏற்கப்படுகிறது.