டிரெஸ்டன் தேவாலயச் சுவரில் ஏன் இத்தனை கறுப்புத் திட்டுகள்?

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் இருக்கும் ஃபிராவன்கிர்ஹே தேவாலயத்தின் போட்டோவை முதல்முறை பார்ப்பவர்கள், பெயின்ட் வேலையைப் பாதியில் விட்டுவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். வெளிர் மஞ்சள் சுவரில் அங்கங்கே கன்னங்கரேலென்று கற்கள். அந்தக் கறுப்புக் கற்கள் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. சுற்றியிருக்கும் வெளிர் கற்கள் மிகவும் புதியவை.

பெயருக்கு அர்த்தம் 'மாதா கோயில்'. ஆனா, இது லூத்தரன் சர்ச். 1726-ல் கட்டுமானம் தொடங்கியது. வடிவமைத்த கெயார்க் பேர் தச்சுத் தொழிலில் இருந்து வந்தவர். அப்படிப்பட்டவர் மரத்தை ஒதுக்கிவிட்டு, குவிமாடம் முழுவதையும் மணற்கல்லில் எழுப்பத் துணிந்தார். எடை சுமார் 12,000 டன். அதைத் தாங்க உள்ளே வெறும் 8 தூண்கள். 1743-ல் வேலை முடிந்தபோது அவர் உயிருடன் இல்லை. 1760-ல் பிரஷ்யப் படை பீரங்கியால் தாக்கியும் குவிமாடம் அசையவில்லை.

அதை வீழ்த்தியது தீ. 1945 பிப்ரவரி 13 இரவு பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு வீச, நகரமே எரிந்தது. 25,000 பேர் வரை இறந்தார்கள். தேவாலயம் மட்டும் நின்றுகொண்டிருந்தது. ஆனா, உள்ளே புகுந்த நெருப்பின் சூட்டில் தூண்கள் வலுவிழந்தன. 15ஆம் தேதி காலை 10 மணியளவில் குவிமாடம் அப்படியே உள்ளே சரிந்தது.

அடுத்த 45 ஆண்டுகளுக்கும் மேலாக அது கல்குவியல்தான். கிழக்கு ஜெர்மனி அரசு அதைப் போர் எதிர்ப்புச் சின்னமாக அறிவித்தது. 1982-ல் இருந்து இளைஞர்கள் அங்கே மெழுகுவத்தி ஏற்றிக் கூடினார்கள். அதனால், 1990-ல் "திரும்பக் கட்டுவோம்" என்று குரல் எழுந்தபோது எல்லோரும் கைதட்டவில்லை. கட்டிவிட்டால் போரின் சாட்சி அழிந்துவிடுமே என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். நியாயமான வாதமும்கூட. சாக்சனி மாநிலத் திருச்சபையே முதலில் தயங்கியது.

கடைசியில் கிடைத்த விடைதான் அந்தச் சுவர். இடிபாட்டில் ஒவ்வொரு கல்லும் கிடந்த இடத்தைக் குறித்து, அளந்து, எந்த இடத்துக் கல் என்று கம்ப்யூட்டர் உதவியோடு கண்டுபிடித்தார்கள். தேறிய கற்களில் 3,500-க்கும் மேற்பட்டவை வெளிச்சுவருக்குத் திரும்பின. கறுப்பு நிறம் தீயில் கருகியதால் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். முக்கியக் காரணம் அதுவல்ல. இந்த மணற்கல்லில் இரும்பு இருக்கிறது. காற்றும் மழையும் பட்டுப் பட்டு அது தானாகவே கறுக்கும். புதிய கற்களும் மெல்ல மெல்ல அந்த நிறத்துக்குத்தான் போகும்.

செலவு சுமார் 18 கோடி யூரோ. பாதிக்கும் மேல் நன்கொடை. சிறுவயதில் இந்த நகரைப் பார்த்திருந்த விஞ்ஞானி குண்டர் புளோபெல், 1999-ல் வென்ற நோபல் பரிசுப் பணத்தில் பெரும்பகுதியை டிரெஸ்டனுக்கே கொடுத்துவிட்டார்.

2005 அக்டோபர் 30-ல் தேவாலயம் மீண்டும் திறக்கப்பட்டது. உச்சியில் இருக்கும் சிலுவை பிரிட்டன் மக்கள் தந்த பரிசு. அதைச் செய்த லண்டன் பொற்கொல்லர்களில் ஒருவரின் அப்பா, 1945-ல் டிரெஸ்டன் மீது குண்டு வீசிய விமானி. பழைய சிலுவை 1993-ல் இடிபாட்டுக்குள் கிடைத்தது. வளைந்து நெளிந்த அதை நிமிர்த்தாமல், அப்படியே உள்ளே வைத்திருக்கிறார்கள்.