விடிந்தால் வெள்ளி

‘ஆகஸ்ட் 15, வெள்ளி, 00.10’ என்று அச்சிட்ட ரயில் டிக்கெட்டை வைத்திருப்பவர் எந்த ராத்திரி ஸ்டேஷனுக்குக் கிளம்ப வேண்டும்? வியாழன் ராத்திரி. வெள்ளி இரவு போய் நின்றால், வண்டி போய் ஒரு நாள் ஆகியிருக்கும். கேரள எல்லையில் காரோட்டிலிருந்து பாறசாலைக்குப் போகிறவருக்கும் சென்னையில் எழும்பூருக்குப் போகிறவருக்கும் இது ஒரே குழப்பம்தான். பயணியின் கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிடுவது நியாயமில்லை. தூங்கி எழும்வரை நமக்கு அது ஒரே ராத்திரி. பஞ்சாங்கத்தின் நாளும் சூரிய உதயத்தில்தான் தொடங்குகிறது. ஆகவே, மென்பொருள் எழுதுகிறவர்கள் காலண்டரின் நாளையும் மனிதர்களின் நாளையும் தனித்தனியே கணக்கில் வைக்க வேண்டும் என்பேன்.

ரயில்வே இதை எப்போதோ உணர்ந்துவிட்டது. பாறசாலை வழியாகச் செல்லும் கன்னியாகுமரி–திப்ருகர் விவேக் எக்ஸ்பிரஸ் 4,000 கி.மீ.க்கு மேல் ஓடி, நான்காம் நாள்தான் போய்ச் சேருகிறது. அதனால் அட்டவணையில் மணிக்குப் பக்கத்தில் எத்தனையாவது நாள் என்றும் குறித்திருப்பார்கள். கொச்சி மெட்ரோ 2018-இல் தன் அட்டவணையைப் பொதுவில் வெளியிட்ட ஜிடிஎஃப்எஸ் என்ற வடிவம் இன்னொரு வழியைத் தருகிறது: 23:40-க்குக் கிளம்பும் வண்டி நள்ளிரவு தாண்டி 20 நிமிடத்தில் சேர்ந்தால், 24:20 என்றே எழுத வேண்டும். கழித்தால் 40 நிமிடம் சரியாக வரும். 00:20 என்று மட்டும் எழுதினால், வண்டி கிளம்புவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதாகக் கணினி கணக்குப் போடும்.

எல்லாவற்றையும் உலகப் பொது நேரத்தில் பதிந்தால் போதாதா என்று கேட்கலாம். நடந்து முடிந்த பணப் பரிமாற்றத்துக்கு அது போதும். அட்டவணையோ தினமும் திரும்பத் திரும்ப வருவது. எந்த நாளின் வண்டி என்பதும் அதற்கு வேண்டும். தவிர, பொது நேரத்தைவிட நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். இங்கே 15ஆம் தேதி பிறக்கும்போது சர்வரில் 14ஆம் தேதி மாலை 6.30. அதிலிருந்து தேதியை மட்டும் வெட்டியெடுத்தால் ஒரு நாள் பின்னே போய்விடும். பிறந்த தேதி போன்றவற்றை மணி சேர்க்காமல் வெறும் தேதியாகவே சேமிப்பது நல்லது.

24:20 என்றால் மக்களுக்குப் புரியாது என்பது சரியான ஆட்சேபம்தான். அது தரவுத்தளத்துக்குள் இருக்கட்டும். மக்களுக்குச் சொல்லத் தமிழில் ஏற்கெனவே வழக்கு இருக்கிறது. டிக்கெட் அச்சிடுகிறவர்களே, ‘வியாழன் இரவு, விடிந்தால் வெள்ளி’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.