ரிப்போர்ட் நார்மல், குறுக்கு வலி அப்படியே

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணி எத்தனையோ ஊர் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. அதைச் சுருட்டவும் மடிக்கவும் உட்காருகிறவர்களில் பெண்கள் நிறைய. தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிறவர்கள், நூல் மில்லில் ஷிப்ட் மாறி மாறி நிற்கிறவர்கள், ஸ்ரீவில்லிபுத்தூரில் தறி மிதிக்கிறவர்கள் என்று யாரிடம் உடம்பைப் பற்றிப் பேச்செடுத்தாலும் வருவது, 'மேலு வலி', 'குறுக்கு விட்டுப்போச்சு', 'கை காலெல்லாம் உளையுது'. கட்டுப்போட இடமில்லாத வலிகள்.

முதலில் மெடிக்கலில் ஒரு செட் மாத்திரை. அடங்காவிட்டால் டாக்டரிடம் ஓர் ஊசி. மாதக்கணக்கில் இழுத்தால் ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன். ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "எல்லாம் நார்மலா இருக்கும்மா, ஒண்ணுமில்ல. வீட்ல ஏதும் பிரச்சினையா?" என்கிறார் டாக்டர். அவர் நல்ல செய்திதான் சொல்கிறார். ஆனால் அந்த வார்த்தை அறையோடு நிற்பதில்லை, பஸ் ஏறி வீட்டுக்கும் வந்துவிடுகிறது. "அதான் டாக்டரே ஒண்ணுமில்லைன்னுட்டாருல்ல" என்று மாமியார் சொன்ன பிறகு, பகலில் அரைமணி நேரம் தலை சாய்த்தாலும் அது நடிப்பாகிவிடும். மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவழித்தார்கள். ஆண்கள் 97 நிமிடம். 'ரெஸ்ட் எடுங்க' என்று சீட்டில் எழுதும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

ஸ்கேனில் தெரிவதும் வலியும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயமில்லை. 2015-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன் முடிவுகளைத் திரட்டிப் பார்த்தது. இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. தேய்ந்தும் வலிக்காமல் இருக்க முடியும் என்றால், தேயாமலே வலிப்பதில் என்ன ஆச்சரியம்? திருடன் போய் வெகுநேரமான பிறகும் இலை அசைந்தால் குரைக்கிற ராஜபாளையம் நாயைப்போல, சிலருக்கு நரம்பு மண்டலம் எச்சரிக்கை நிலையிலேயே தங்கிவிடுகிறது. நாய் நிஜமாகத்தான் குரைக்கிறது. உலக வலி ஆய்வுச் சங்கம் 2020-ல் வலிக்கான விளக்கத்தைத் திருத்தியபோது, வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று குறிப்பாகவே சேர்த்தது.

காரணம் இருந்தும் கண்டுபிடிக்கப்படாமல் போவதும் உண்டு. உடம்பெங்கும் வலிக்கிற ஃபைப்ரோமயால்ஜியா ரத்தப் பரிசோதனையில் சிக்காது. உடம்பில் எங்கெங்கே வலி, தூக்கம் எப்படி, அசதி எவ்வளவு என்று கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாதாரண ஸ்கேன் அதைத் தவறவிடலாம். மாதவிலக்கு நாளில் சுருண்டு படுக்கிற பெண்ணுக்கோ, 'கல்யாணம் ஆனா சரியாப்போகும்' என்பதுதான் வைத்தியம். தைராய்டு, வைட்டமின் டி குறைவு, சிக்குன்குனியா விட்டுச்சென்ற மூட்டுவலி ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். ரத்தசோகை வலிக்குக் காரணமோ இல்லையோ, அசதியைக் கூட்டும்; தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்கிறது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு.

கேள்வி கேட்காமல் மாத்திரை கொடுப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழகம் 2019-ல் பார்த்தது. ஆயத்த ஆடை ஆலைகளில் வேலை செய்யும் சுமார் நூறு பெண்களிடம் தாம்சன் ராய்ட்டர்ஸ் ஃபவுண்டேஷன் விசாரித்தது. மாதவிலக்கு வலி என்றதும் பெயர் அச்சிடாத மாத்திரைகள் கொடுக்கப்பட்டதாக எல்லோருமே சொன்னார்கள். பெரும்பாலும் கொடுத்தவர் மருத்துவம் படித்தவரல்ல. பலருக்கு அதனாலேயே உடல்நலம் கெட்டது. வலி அங்கே உற்பத்திக்கு இடைஞ்சல், அவ்வளவுதான்.

டாக்டர்களை வில்லனாக்கி முடித்துவிடுவது எளிது. 67 நாடுகளின் தகவலைத் திரட்டி 2017-ல் வந்த ஆய்வில், இந்தியாவில் ஆரம்பநிலை மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்க்கும் நேரம் ஏறக்குறைய 2 நிமிடம்; ஸ்வீடனில் 22. இரண்டு நிமிடத்தில் எழுதத்தான் முடியும், கேட்க முடியாது. ஆனால் 'மனசுலதான் இருக்கு' என்று சொல்லவும் அரை நிமிடம் ஆகிறதே! அதே நேரத்தில், 'வலி நிஜம், ஸ்கேன்ல தெரியாத வகை' என்று சொல்லலாம். அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரையைக் குறைந்த அளவில் எழுதும்போதாவது, இது நரம்பு வலிக்கும் உதவும் என்று சொல்லி அனுப்ப வேண்டும். இல்லையென்றால் மனச்சோர்வுக்கான மாத்திரை என்று வேறு யாராவது சொல்வார்கள். அன்றைக்கே அது குப்பைக்குப் போகும்.

பிரிட்டனில் மருத்துவ நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், காரணம் புலப்படாத நாள்பட்ட வலிக்குப் பாரசிட்டமாலையோ டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகளையோ தொடங்க வேண்டாம் என்கிறது. உடற்பயிற்சியை முன்னே வைக்கிறது. அதைச் சொல்லித்தர ஆள் வேண்டும். அதே ஆண்டு தமிழகத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார், முக்கியமாக எழுந்து நடமாட முடியாதவர்களுக்காக. பகல் ஷிப்டுக்குப் போன பெண்ணின் வீடு அப்போது பூட்டிக் கிடக்கும். வாரத்தில் ஒருநாள், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிசியோதெரபிஸ்ட் உட்கார்ந்தால் அந்தப் பெண்ணும் போய்ப் பார்க்கலாம்.