ஆடும் சித்திரங்களும் அவற்றின் உரிமையும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தொலைக்காட்சியின் முன் அமரும் சிறுவர்க்குச் சித்திரப்படம் என்பது சிரிப்பும் ஆரவாரமுமே. அதனை ஆக்குவோர்க்கோ அது பெருஞ் செலவுடைய கைத்தொழில். அத்தொழில் எதனால் வாழ்கின்றது, எதனால் நலிகின்றது என்பதை அறிவது பயனுடையது.

திரையில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. பத்து நிமிடக் கதைக்கு 14,400 படங்கள். ஒரே சித்திரத்தை இரு முறை காட்டிச் சிக்கனஞ் செய்தாலும் 7,200 சித்திரங்கள் வேண்டும். கணினி வந்தபின் கைவேலை குறைந்ததேயன்றிச் செலவு நீங்கவில்லை. ஒளிபரப்பு நிலையம் தரும் பணம் மட்டும் அதனை ஈடுசெய்வது அரிது. எஞ்சியதைத் தேடித் தருவது, கதையில் வரும் பாத்திரத்தின் உரிமையே.

இவ்வுண்மையை வால்ட் டிஸ்னி 1928ஆம் ஆண்டில் இழப்பின் வாயிலாகக் கற்றார். அவருடைய கலைக்கூடம் படைத்த ஒஸ்வால்ட் என்னும் முயலின் உரிமை, படத்தை வெளியிட்ட யுனிவர்சல் கம்பனியிடம் இருந்தது. கூலியை உயர்த்தக் கேட்கச் சென்றவர் முயலையும் இழந்தார். ஓவியர் பலரையும் இழந்தார். அதன்பின் பிறந்ததே மிக்கி என்னும் எலி. அதன் உரிமையை அவர் பிறர்க்கு விட்டுக்கொடுக்கவில்லை. 1933இல் மிக்கியின் உருவம் பொறித்த கைக்கடிகாரமும் கடைக்கு வந்தது.

நமது அண்டை நாட்டிலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. இந்தியாவின் சித்திரப்படக் கூடங்கள் பல, அயல்நாட்டார் கதைகளுக்குக் கூலிக்கு வரைந்து கொடுத்தே வளர்ந்தன. ஹைதராபாத்தில் ராஜீவ் சிலகா நிறுவிய கிரீன் கோல்ட் கலைக்கூடமோ, சொந்தப் பாத்திரங்களையே நம்பியது. 2008இல் போகோ தொலைக்காட்சியில் தோன்றிய சோட்டா பீம், லட்டு உண்டு வலிமை பெறும் கிராமத்துச் சிறுவன். அவன் உருவம் பொம்மையிலும் உடையிலும் பாடசாலைப் பையிலும் ஏறியது. 2012இல் அவன் கதை திரையரங்குக்கு வந்தது. 2019இல் நெட்பிளிக்ஸ் வெளியிட்ட தொடரில் அவன் வசனமே பேசாத குழந்தையானான்; ஆகவே மொழிகளின் எல்லையை எளிதிற் கடந்தான்.

இலங்கையின் அனுபவம் வேறு. 1982ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் நாள் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது. அங்கு மொழிமாற்றப் பணியை வளர்த்த டைட்டஸ் தொட்டவத்த, அயல்நாட்டுப் படங்களை வெறுமனே மொழிபெயர்க்கவில்லை. சிங்களப் பேச்சின் சுவையையும் பாட்டையும் அவற்றுக்கு ஊட்டினார். ‘தொஸ்தர ஹொந்த ஹித’ என்ற பெயரில் வந்த டொக்டர் டூலிட்டிலைச் சிங்களச் சிறுவர்கள் தம்மவராகவே கொண்டாடினர். ஆயினும் மொழிமாற்றம் குரலைத் தருமேயன்றி உரிமையைத் தராது. பொம்மை விற்ற பணம் உரிமையாளரையே சேரும்.

தமிழ்ச் சிறுவர்க்கு இதில் இன்னொரு குறையும் உண்டு. சன் குழுமத்தின் சுட்டி டிவி 2007இல் தொடங்கி, அயல்நாட்டுச் சித்திரப்படங்களைத் தமிழில் வழங்கியது. அது நற்பணியே. ஆனால் அங்கு ஒலிப்பது தமிழ்நாட்டுத் தமிழ். வீட்டில் ‘கதைக்கிற’ பிள்ளை, திரையில் ‘பேசுவதை’ மட்டுமே கேட்கின்றது. சந்தை எங்கே பெரிதோ, அவ்விடத்துப் பேச்சே படத்தில் ஏறும். இதில் எவரையும் நோவதற்கில்லை. எனினும் தன் தெருவின் சொல்லைத் திரையில் ஒருநாளும் கேளாத குழந்தை, அச்சொல்லை வீட்டுக்கு மட்டும் உரியதென எண்ணிவிடக்கூடும்.

இதற்குப் பரிகாரம் பெருமுதலால் மட்டும் வருவதன்று. மூன்று நிமிடப் படத்துக்கு 2,160 சித்திரங்கள் போதும். ஓவியர் சிலர் கூடினால் அது கைக்கெட்டாத கருமமன்று. அதில் வரும் சிறுமி கொட்டாஞ்சேனைத் தெருவில் நடக்கலாம். வாய் நிறையக் கதைக்கலாம். ஆனால் அவள் யாருக்கு உரியவள் என்பதை, முதற் சித்திரத்தை வரையுமுன்னரே எழுத்தில் உறுதி செய்துகொள்ளல் வேண்டும்.