சாம்பாரில் எத்தனை கிராம் புரதம்?

தேவை எவ்வளவு?

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, ஆரோக்கியமான பெரியவருக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும். சராசரித் தேவை 0.66 கிராம்தான், ஆளுக்கு ஆள் தேவை மாறும் என்பதால் கூட்டிச் சொன்ன அளவு இது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம் வரும். புரதப் பொடி விளம்பரங்கள் மிரட்டுகிற அளவுக்குப் பெரிய எண் அல்ல.

தட்டில் இருப்பது எவ்வளவு?

ஆனால் நம் சாப்பாடு அந்த ஐம்பதைத் தொடுகிறதா? 300 கிராம் அரிசியில் சுமார் 22 கிராம் புரதம். நாலு பேருக்கு 100 கிராம் துவரம்பருப்பு போட்டு சாம்பார் வைத்தால் தலைக்கு ஐந்தரை கிராம். தண்ணீராகக் கரைத்த சாம்பாரில் அதுவும் இல்லை. இரண்டு வேளை காபியின் பாலில் ஆறு கிராம். காய், மோர் எல்லாம் சேர்த்தாலும் நாற்பதைத் தாண்டுவது கஷ்டம். அதிலும் பாதிக்கு மேல் அரிசியிலிருந்து வருவது. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது தாராளம். தானியத்தையே நம்பிச் சாப்பிடுகிறவர்களுக்குக் கிலோவுக்கு ஒரு கிராம் வரை வேண்டும் என்பது இதனால்தான்.

அப்படியானால் பொடி வாங்கலாமே?

வேண்டியதில்லை. விடுபடுவது பத்து, இருபது கிராம். இரண்டு முட்டையில் 12 கிராம் இருக்கிறது. 30 கிராம் கொண்டைக்கடலையைச் சுண்டலாக்கினால் ஆறு. மத்தி மீன் 100 கிராம் சாப்பிட்டால் பேச்சே இல்லை. ‘ஜிம்முக்குப் போகிறேனே’ என்பார்கள். கடும் பயிற்சி செய்கிறவருக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை தேவைப்படும் என்பது உண்மை. மாலையில் அரை மணி நேரம் நடப்பது அந்தக் கணக்கில் வராது. தசையை வளர்ப்பது பயிற்சி. மிஞ்சிய புரதத்தை உடல் எரிபொருளாக்கும், இல்லாவிட்டால் கொழுப்பாக்கிவிடும். புரதம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்ற பயமும் நல்ல சிறுநீரகம் உள்ளவருக்குத் தேவையற்றது. ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு இருப்பவர் மட்டும் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

உண்மையில் கவலைப்பட வேண்டியது வயதானவர்களைப் பற்றித்தான். தசை கரையும் வயதில் அவர்களுக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என்று முதியோர் மருத்துவ வல்லுநர்கள் சொல்கிறார்கள். பல்லும் பசியும் போன பிறகு ராத்திரிக்கு இரண்டு இட்லி போதும் என்கிறார்களே, அதில் கிடைப்பது நாலைந்து கிராம். கூடவே குழைய வேகவைத்த பாசிப்பருப்பு ஒரு கிண்ணமும் ஒரு தம்ளர் பாலும் கொடுத்தால் அது மூன்று மடங்காகும்.