ராஜபாளையம் குட்டி வாங்கும் முன் ஒரு கணக்கு

உத்திரமேரூர் பக்கம் நெற்களத்துக்கும் மோட்டார் கொட்டகைக்கும் காவலாக ஒரு பெரிய நாய் தேடுகிறீர்களா? வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்குமாக நிற்கும் ராஜபாளையம் உங்கள் மனதில் இருக்கலாம். 2005-ல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்ட நாட்டு இனங்களில் அதுவும் ஒன்று. தாராளமாக வாங்கலாம். ஆனால் முன்பணம் கொடுப்பதற்கு முன் செலவைக் கணக்குப் போட்டுவிடுங்கள்.

ஒரே இனத்துக்கு ஏன் ஆளுக்கொரு விலை சொல்கிறார்கள்? கலப்புக் குட்டியும் அதே பெயரில் விற்கப்படுகிறது. போட்டோவைப் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். நேரில் போய்த் தாய் நாயைப் பாருங்கள்.

எத்தனை நாள் குட்டியை வாங்கலாம்? 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. இனப்பெருக்கம் செய்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ரசீதும் தடுப்பூசி அட்டையும் கேட்டு வாங்குங்கள்.

குட்டிக்குக் காது கேட்கிறதா? இந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு. கூட்டமாக இருக்கும்போது அது தெரியாது. மற்றவை ஓடினால் செவிட்டுக் குட்டியும் கூடவே ஓடும். அதனால் தனியே விட்டு, அதன் பின்னால் நின்று தட்டில் கரண்டியால் தட்டுங்கள். தலை திரும்ப வேண்டும். இரண்டு மூன்று முறை பாருங்கள்.

வாங்கிய பிறகு என்ன செலவு? பெரிய நாய்க்கு எல்லாமே எடைக் கணக்கு. குடற்புழு மாத்திரை பொதுவாகப் பத்து கிலோவுக்கு ஒன்று. முப்பது கிலோ நாய்க்கு மூன்று. சாப்பாடும் அப்படித்தான். நாளுக்கு 100 ரூபாய் என்று வைத்தாலே வருடத்துக்கு 36,500 ரூபாய், பத்து வருடத்துக்கு 3,65,000 ரூபாய். வெறும் சோறு போட்டால் போதாதா? வளரும் எலும்புக்குப் போதாது. முட்டை, இறைச்சி வேண்டும்.

வைத்தியத்துக்கு? வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று மாதத்தில் தொடங்கி வருடா வருடம் போட வேண்டும். பார்வோ (ரத்தக் கழிச்சல் உண்டாக்கும் வைரஸ் நோய்) வந்தால் பல நாள் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருக்கும். ஊசி போடுவது இதைவிட மிக மலிவு. நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு இரைப்பை முறுக்கிக்கொள்வதும் உண்டு. வயிறு உப்பும், குமட்டும், வாந்தி வராது. சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் உயிர் போய்விடும். அதற்குச் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனை வரை போக வேண்டி வரலாம். வண்டி வாடகையோடு சேர்த்து அந்தப் பணம் எப்போதும் கையில் இருக்கட்டும்.

யாரையாவது கடித்துவிட்டால்? நாயைக் கவனக்குறைவாக விட்டவர்மீது பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவில் வழக்கு வரும். ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். எனவே வேலிச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

குட்டியின் விலையை ஒரு நாள் கொடுத்து முடித்துவிடலாம். அதன் பசிக்குப் பத்து வருடம் கொடுக்க வேண்டும். ஒரு வருடச் செலவைத் தனியே எடுத்துவைக்க முடிந்தால் குட்டியை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். முடியாவிட்டால், உங்கள் தெருவில் பிறந்த குட்டி ஒன்றுக்கு ஊசி போட்டு வளருங்கள். அதுவும் உங்கள் களத்தைக் காக்கும்.