பழைய டிராக்டரும் புதிய கைகளும்

2023 ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் இரண்டு மாதங்கள் தங்கியிருக்கும் வாய்ப்பை அல்லாஹ் எனக்கு அளித்தான். என் தங்கையின் குடும்பம் சவுத் பெண்ட் நகரையொட்டிய சிற்றூர் ஒன்றில் வாழ்ந்து வருகிறது. அங்குள்ள பள்ளிவாசலில் விடுமுறைக்கால மார்க்க வகுப்பு நடத்த ஒருவர் தேவைப்படவே, என்னை வரவழைத்திருந்தனர். காலையில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பேன். மாலையில் வேலையொன்றும் இராது. வீட்டின் முகப்பில் நாற்காலியைப் போட்டு அமர்ந்து, அந்த ஊர் மக்களின் வாழ்க்கையை வேடிக்கை பார்த்துக் கொண்டிருப்பேன்.

அங்கே ஒவ்வொரு வீட்டைச் சுற்றியும் புல்வெளி இருக்கிறது. அதனைச் சீராக வெட்டி வைத்திருப்பது அண்டை வீட்டாருக்குச் செய்ய வேண்டிய மரியாதைகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. சனிக்கிழமை விடிந்தால் தெரு முழுவதும் புல்வெட்டும் இயந்திரங்களின் ஓசைதான்.

வந்த மூன்றாம் நாள் என் தங்கை ஒரு மஸ்அலா கேட்டாள். "அண்ணே, கையில் கிரீஸ் ஒட்டியிருந்தால் ஒளு கூடுமா?"

தண்ணீர் தோலில் படாதவாறு தடுக்கும் அளவுக்குப் படலமாக ஒட்டியிருந்தால் அதனை நீக்கியே ஆக வேண்டும், வெறும் கறையோ எண்ணெய்ப் பிசுபிசுப்போ மட்டும் எஞ்சியிருந்தால் குற்றமில்லை என்று விளக்கிவிட்டு, "எதற்காகக் கேட்கிறாய்?" என்றேன். அவள் எதிர்வீட்டைக் கைகாட்டினாள். அவளுடைய மகன், பதின்மூன்று வயதுப் பையன், அஸர் தொழுத கையோடு அங்கே ஓடிவிடுகிறானாம். மஃரிபுக்குத் திரும்பும்போது முழங்கை வரை கரியோடு வருகிறானாம். உணவு உண்ணும்போதும் கைப்பேசியைக் கீழே வைக்காத பையன் அவன். அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் கைப்பேசியை எடுத்துச் செல்வதில்லை என்பதையும் அவளே சொன்னாள். அதனைக் குறையாகச் சொன்னாளா, நிறைவாகச் சொன்னாளா என்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் நானும் உடன் சென்றேன். கராஜின் நடுவே சிவப்பு வண்ணம் மங்கிய சிறு டிராக்டர் ஒன்று நின்றது. நம் வயல்களில் உழும் டிராக்டரைக் குழந்தையாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அதன் அருகே ஒரு முதியவர் முக்காலியில் அமர்ந்திருந்தார். எண்பதை நெருங்கிய வயது. என் மருமகனோ தரையில் படுத்து, தலையை வண்டிக்குக் கீழே நுழைத்திருந்தான். நான் ஸலாம் சொன்னேன். கீழேயிருந்து பதில் வந்தது, ஆள் வரவில்லை.

சக்கரக் குதிரை

இவ்வகை வண்டிக்குக் கார்டன் டிராக்டர் என்று பெயர். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அமெரிக்க நகரங்களின் புறத்தே புதுப்புது வீடுகள் எழுந்தன. வீட்டோடு நிலமும் இருந்தது. பண்ணை டிராக்டர் வாங்கும் அளவுக்கு அது பெரிதுமன்று. மண்வெட்டியால் சமாளிக்கும் அளவுக்குச் சிறிதுமன்று. இந்த இடைவெளியை நிரப்பவே சிறு டிராக்டர்கள் பெருகின. கோடையில் அடியில் கத்தித் தட்டைப் பூட்டினால் புல் வெட்டும்; பின்னால் கலப்பையைப் பூட்டினால் காய்கறிப் பாத்தியை உழும்; குளிர்காலத்தில் முன்னால் தகட்டைப் பூட்டினால் வாசலில் குவிந்த பனியைத் தள்ளும்.

இதற்கும் முந்திய வரலாறு சுவையானது. மேற்கு வர்ஜீனியாவில் பெஞ்சமின் கிரேவ்லி என்றொரு புகைப்படக் கலைஞர் இருந்தார். தோட்ட வேலையில் நாட்டமுள்ள அவர், 1911 ஆம் ஆண்டில் கையால் தள்ளும் கலப்பையொன்றில் மோட்டார் சைக்கிள் உறுப்புகளைப் பொருத்தித் தானே ஓடும்படி செய்தார். பின்னர் அதனையே தொழிலாக்கி நிறுவனமும் தொடங்கினார். புகைப்படக்காரருக்குக் கலப்பையில் என்ன வேலை என்று அவர் வீட்டாரும் கேட்டிருப்பார்களோ என்னவோ!

நான் கண்ட சிவப்பு வண்டியோ அந்த ஊர்ப் பக்கத்திலேயே பிறந்தது. எல்மர் பாண்ட் என்பவரும் அவர் மகன் செசிலும் 1946 இல் சவுத் பெண்டில் தொடங்கிய தொழில் அது. பின்னர் 'வீல் ஹார்ஸ்', அதாவது சக்கரக் குதிரை, என்ற பெயரில் நாடெங்கும் புகழ் பெற்றது. 1986 இல் டோரோ நிறுவனம் அதனை வாங்கிக் கொண்டது. 2007 உடன் அந்தப் பெயரில் புதிய வண்டிகள் வருவதும் நின்றுபோயிற்று. முதியவரின் வண்டியில் 854 என்ற எண் இருந்தது. முதல் எட்டு அதன் குதிரைத்திறனைக் குறிக்குமாம். இறுதி நான்கு, அது 1964 ஆம் ஆண்டு வண்டி என்பதைக் காட்டுமாம். ஏறத்தாழ அறுபது வயது! வார்ப்பிரும்பில் செய்த ஒற்றைச் சிலிண்டர் கோலர் எஞ்சின், காற்றினாலேயே குளிர்வது, கணிப்பொறிச் சில்லுகள் ஏதுமில்லை. மூடியைத் திறந்தால் எது எதை இயக்குகிறது என்பதைக் கண்ணால் தொடர்ந்து செல்லலாம். எஞ்சினிலிருந்து பெல்ட், பெல்ட்டிலிருந்து பற்சக்கரப் பெட்டி, அங்கிருந்து பின் சக்கரம், அவ்வளவுதான். கிளட்சை மிதித்தால் பெல்ட் தளர்கிறது, வண்டி நிற்கிறது. எனக்கே பத்து நிமிடங்களில் புரிந்துவிட்டது என்றால் வேறென்ன சொல்ல வேண்டும்?

அவர் கற்பித்த முறை

ஆசிரியத் தொழிலில் இருபது ஆண்டுகளைக் கழித்தவன் என்பதால் வண்டியைவிட அந்த முதியவர் கற்பித்த முறையையே நான் அதிகம் கவனித்தேன். பழைய பொருள்களின் பெருமை குறித்து அவர் ஒரு சொற்பொழிவும் ஆற்றவில்லை. "எங்கள் காலத்தில்..." என்று தொடங்கும் வாக்கியத்தை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. (இந்த வாக்கியம் இல்லாமல் நான் ஒரு வகுப்பையும் முடித்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.)

பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்த வண்டியைப் பையனிடம் காட்டி, "இது ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடி" என்றாராம். அத்துடன் முக்காலியில் அமர்ந்து கொண்டார். பெட்ரோல் எஞ்சின் ஓட எரிபொருள், காற்று, அழுத்தம், தீப்பொறி இவை வேண்டும் என்பதை மட்டும் சொல்லிக் கொடுத்திருந்தார். மற்றவற்றைப் பையன் ஒவ்வொன்றாகத் தேடினான். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, வயரோடு இணைத்து, எஞ்சின் இரும்பின்மீது வைத்துச் சுழற்றிப் பார்த்தான், பொறி எழவில்லை. பக்கவாட்டில் ஒரு சிறு மூடிக்குள் பாயிண்ட் இருக்கிறது. அதன் இரு முனைகள் தொட்டு விலகும் கணத்தில்தான் பொறி பிறக்க வேண்டும். அம்முனைகளில் களிம்பேறியிருந்தது. தேய்த்துத் துடைத்து, இடைவெளியைத் தகட்டு அளவியால் சரிபார்த்தார்கள். ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் இருபது பங்கு இடைவெளி இருக்க வேண்டுமாம். பையன் நான்கு முறை தவறாக வைத்தான். முதியவர் நான்கு முறையும் "மறுபடி பார்" என்றார். ஐந்தாம் முறை நீலப் பொறி பளிச்சிட்டது.

அதன்பின் கார்புரேட்டர். நெடுநாள் தங்கிய பெட்ரோல் பிசினாகி நுண்துளைகளை அடைத்திருந்தது. கழற்றிய ஒவ்வொரு திருகும் முட்டை அட்டையின் ஒவ்வொரு குழியில் வரிசையாகப் போடப்பட்டது. எடுத்த ஸ்பேனரைத் துடைத்து அதன் ஆணியிலேயே மாட்ட வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் அவர் கண்டிப்பாக இருந்தார்.

குர்ஆனை மனனம் செய்யும் மாணவனுக்கு முன் உஸ்தாத் அமர்ந்திருப்பதை நினைத்துக் கொண்டேன். நல்ல உஸ்தாத், மாணவன் தடுமாறும் இடத்தில் உடனே எடுத்துக் கொடுப்பதில்லை. சற்றே பொறுத்திருப்பார். அந்தச் சில வினாடிகளில்தான் பாடம் உள்ளே இறங்குகிறது.

ஒரு மாலை, பையன் தண்ணீர் குடிக்க வீட்டுக்குச் சென்றிருந்த நேரம். முதியவரிடம், "உங்கள் பிள்ளைகளுக்கும் இதில் ஆர்வம் உண்டா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது என்று பிறகு தோன்றியது. அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. தமக்கு ஒரு மகன் என்றும், சிறுவயதில் எந்நேரமும் இதே கராஜில் தம்மைச் சுற்றி வந்தவன் என்றும் சொன்னார். "அவன் ஸ்பேனரைத் தவறாகப் பிடித்தால் நான் வாங்கிக் கொள்வேன். வேலை விரைவில் முடிந்துவிடும். ஒவ்வொரு முறையும் வாங்கிக் கொண்டேன். ஒரு நாள் அவன் வருவதை நிறுத்திவிட்டான்." மகன் தொலைவில் இருக்கிறார், இந்த வண்டிகளை என்ன செய்வது என்று கேட்டால் விற்றுவிடுங்கள் என்கிறாராம். பேரர்கள் இதில் ஏறி அமர்ந்ததுகூட இல்லை.

வண்டியைத் தம் மகனிடம் சேர்க்கத் தவறியவர், அடுத்த வீட்டு முஸ்லிம் பையனிடம் முக்காலியில் அமர்ந்து பொறுமையைக் கற்றுக் கொண்டிருந்தார்.

மைத்துனரின் கவலை

இதற்கிடையே என் மைத்துனருக்கு இது பிடிக்கவில்லை. "கைகளில் அழுக்குப் படாமல் பிழைக்கட்டும் என்றுதானே கடல் கடந்து வந்தோம்? இவன் மெக்கானிக் ஆகவா?" என்று என்னிடம் குறைபட்டுக் கொண்டார். இந்தக் கேள்வியை நான் நம் ஊர்களிலும் கேட்டிருக்கிறேன். தாவூத் நபி (அலை) அவர்களுக்கு இரும்பை இறைவன் மென்மையாக்கிக் கொடுத்ததையும், அவர்கள் போர்க்கவசம் செய்ததையும் மிம்பரில் கேட்டு மெய்சிலிர்க்கிறோம். அவர்கள் தம் கையால் உழைத்ததையே உண்டார்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சிறப்பித்ததும், ஜகரிய்யா நபி (அலை) அவர்கள் தச்சராயிருந்ததும் நமக்கு மனப்பாடம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பிறந்து, 1206 இல் தம் நூலை முடித்த அல்ஜஸரீ, தாம் வடித்த ஐம்பது கருவிகளையும் பிறர் பார்த்துச் செய்து கொள்ளும்படி படங்களோடு விளக்கியதை வரலாற்று வகுப்பில் நானே பெருமையோடு சொல்வேன். ஆனால் நம் வீட்டுப் பையன் சைக்கிள் செயினைத் தொட்டால், "சட்டை பாழாகிவிடும், விடு" என்போம்.

மைத்துனரின் மற்றொரு கவலை நியாயமானது. இவ்வண்டிகள் விளையாட்டுப் பொருளல்ல. பழைய வண்டிகளில், ஓட்டுநர் இருக்கையைவிட்டு எழுந்தால் எஞ்சினைத் தானாக நிறுத்தும் பாதுகாப்புக் கருவி இராது. ஏறி ஓட்டும் புல்வெட்டி வண்டிகளைப் பதினாறு வயதுக்குக் குறைந்தவர்கள் இயக்கக் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அறிவுரை. அதனை நான் முதியவரிடம் சொன்னபோது அவர் தலையசைத்து, கராஜின் மூலையைக் காட்டினார். கத்தித் தட்டு முழுவதும் கழற்றப்பட்டுச் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. "அவனுக்குப் பதினாறு ஆகும்போது நான் இருந்தால் நானே மாட்டித் தருவேன்" என்றார். மைத்துனர் அன்றுதான் முதன்முதலாக அந்தக் கராஜுக்குள் நுழைந்தார். கையைப் பின்னால் கட்டிக் கொண்டு அரைமணி நேரம் நின்றார். போகும்போது, கழன்று உருண்ட ஒரு நட்டைக் குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

நான் ஊர் திரும்புவதற்கு நான்கு நாட்கள் முன்பு வண்டி உயிர் பெற்றது. முதலில் ஒரு தும்மல். பிறகு நீலப் புகை. பிறகு ஒற்றைச் சிலிண்டருக்கே உரிய அந்தச் சீரான துடிப்பு. பையன் "பிஸ்மில்லாஹ்" சொல்லிச் சாவியைத் திருப்பினான் என்பதை முதியவரும் கவனித்தார். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டுத் தெரிந்து கொண்டார். கண்காணிப்போடு, முதல் கியரில், வீட்டின் பின்புறம் ஒரே ஒரு சுற்று. என் தங்கை சமையலறைச் சன்னலில் நின்று பார்த்துக் கொண்டிருந்தாள்.

அந்நாட்டில் இதற்கென்று வழிமுறைகளும் உள்ளன. 1902 இல் ஒஹையோ மாநிலத்தில் ஒரு பள்ளிக் கண்காணிப்பாளர் கிராமப்புறப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய சங்கத்திலிருந்து வளர்ந்த 4-எச் இயக்கம், சிறு எஞ்சின்களைப் பழுது பார்க்கவும் சிறுவர்களுக்குக் கற்பிக்கிறது. தலை, இதயம், கை, உடல்நலம் என்னும் நான்கையும் குறிப்பவை அந்த எழுத்துகள். கையையும் கல்வியின் உறுப்பாகச் சேர்த்துக் கொண்டது எனக்குப் பிடித்திருந்தது. பழைய சிறு டிராக்டர்களை வைத்திருப்போர் ஒரு வயலில் கூடி, பத்து அங்குலக் கலப்பைகளைப் பூட்டி உழும் நாட்களும் உண்டு. இளையவர்களை அங்கே கொண்டு செல்ல வேண்டும் என்பது முதியவரின் ஆசை.

ஊர் திரும்பும் விமானத்தில் எனக்கு எங்கள் அத்தாவின் நினைவாகவே இருந்தது. எங்கள் கிணற்றடியில் ஓர் ஆயில் எஞ்சின் இருந்தது. அதன் கைப்பிடியைச் சுழற்றி ஒருமுறையேனும் கிளப்பிவிட வேண்டும் என்பது என் பத்து வயதுக் கனவு. "கைப்பிடி திருப்பி அடித்தால் கை முறிந்துவிடும். போய் ஓது" என்பார்கள் அத்தா. அது அன்பால் எழுந்த அச்சம்தான், இன்று விளங்குகிறது. மின்மோட்டார் வந்தபின் அந்த எஞ்சினைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டோம். வண்டியில் ஏற்றும்போதுதான் அதன் கைப்பிடியை முதன்முதலாகத் தொட்டேன். அத்தா மௌத்தாகி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. அல்லாஹ் அவர்களின் கப்றை ஒளிமயமாக்குவானாக!

ஊர் வந்த வாரத்திலேயே என் மகனை அழைத்துக் கொண்டு கிணற்றடிக்குச் சென்றேன். எஞ்சின் நின்ற சிமெண்ட் மேடை இன்னும் இருக்கிறது. அதில் நான்கு போல்ட்டுகள் துருவேறி நிமிர்ந்து நிற்கின்றன. "இவை எதற்கு அத்தா?" என்றான். சொன்னேன். வீட்டுக்கு ஓடிப்போய் ஸ்பேனரைக் கொண்டு வந்தான். தலைகீழாகப் பிடித்தான், என் கை தானாக நீண்டது. இழுத்துக் கொண்டேன். மூன்று நட்டுகள் கழன்றன. நான்காவது அசையவில்லை. அதன்மீது டீசல் ஊற்றி, துணியைச் சுற்றி வைத்திருக்கிறான். நாளை வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு மறுபடி பார்க்கப் போகிறானாம்.